சுவரை எடுப்பதா, வைப்பதா? சேர்ந்து கற்கும் பள்ளிக்கான நான்கு கட்டட அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

பாடங்களை ஒன்றோடொன்று இணைத்து நடத்த வேண்டும், பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பேசி, செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று ஒரு பள்ளி முடிவெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காகப் புதிய கட்டடமும் எழப்போகிறது. நிர்வாகக் குழு, தலைமையாசிரியர், ஆசிரியர்கள், கட்டடக் கலைஞர் எல்லோரும் கூடிப் பேசும்போது பெரும்பாலும் நான்கு யோசனைகள்தான் எழும். வழக்கமான வரிசை வகுப்பறைகளைக் கட்டி, கூடவே பெரிய செயல்கூடம் ஒன்றைச் சேர்ப்பது ஒன்று. வகுப்பறைச் சுவர்களே இல்லாத திறந்த கூடம் இன்னொன்று. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் மடிப்புச் சுவர் மூன்றாவது. ஐந்தாறு வகுப்பறைகளுக்கு நடுவே அவற்றுக்கே உரிய பொதுக்கூடம் ஒன்றை வைக்கும் கொத்து அமைப்பு நான்காவது.

என் தேர்வு நான்காவது. ஆனால் கொத்து அமைப்பு என்ற பெயரில் வரும் எல்லா வரைபடமும் நல்ல வரைபடம் ஆகிவிடாது. ஆசிரியர்கள் எங்கே உட்காருகிறார்கள், ஓசை எப்படித் தடுக்கப்படுகிறது, பாதி முடிந்த வேலை இரவில் எங்கே இருக்கிறது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கவனிக்காமல் கட்டினால், நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டே ஆண்டில் அது பழைய பள்ளியாகத்தான் இயங்கும்.

ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். ஆகவே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தொண்ணூறு பேர், மூன்று பிரிவுகள். பள்ளிக்கு அருகிலுள்ள ஓர் ஏரியை மூன்று வாரம் படிக்கிறார்கள். அறிவியலில் தண்ணீரின் அமிலத்தன்மையும் கலங்கலும் பார்க்கிறார்கள். கணக்கில் அந்த அளவீடுகளை வரைபடமாக்குகிறார்கள். புவியியலில் ஏரிக்கு நீர் வரும் வழிகளை வரைந்து மாதிரி செய்கிறார்கள். மொழிப் பாடத்தில் கரையில் வாழும் முதியவர்களைப் பேட்டி கண்டு எழுதுகிறார்கள். கடைசி நாளில் எல்லாம் சேர்ந்து ஒரு கண்காட்சி ஆகிறது. ஃபின்லாந்தில் 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படிப் பல பாடங்கள் இணைந்த ஓர் அலகைப் படிக்க வேண்டும் என்று கட்டாயமே ஆக்கியிருக்கிறது. ஆகவே இது கற்பனைக்காக ஊதிப் பெருக்கிய தேவை அல்ல.

இந்த மூன்று வாரத்துக்கு என்னென்ன இடம் வேண்டும்? தொண்ணூறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க ஓர் இடம். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் கணக்கு விளக்க ஓர் இடம். நான்கு பேர் வாக்குவாதம் செய்ய ஓர் இடம். ஒருத்தி தனியாக உட்கார்ந்து எழுத அமைதியான மூலை. தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லை என்ற தரையும் கைகழுவும் தொட்டியும். மாதிரி உலரும் வரை யாரும் தொடாத ஒரு பலகை. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில், ஒரே பாடவேளைக்குள் மாறி மாறிப் பயன்படும்படி இருக்க வேண்டும்.

வரிசை வகுப்பறையும் ஒரு செயல்கூடமும்

நீண்ட நடைவழி, இருபுறமும் வகுப்பறைகள், கோடியில் பெரிய செயல்கூடம். எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு இது. குறைந்த செலவில் கட்டலாம், விதிமுறைகளுக்குள் எளிதில் அடங்கும், ஒவ்வொரு ஆசிரியருக்கும் சொந்த அறை கிடைக்கும். வகுப்பறைக்குள் அமைதியும் இருக்கும். இவை சிறிய நன்மைகள் அல்ல. சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஓராண்டில் பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் இயல்புகளைக் கொண்டே விளக்க முடிந்தது. வெளிச்சம், காற்று, வெப்பநிலை, 'இது எங்கள் அறை' என்று பிள்ளைகள் உணரும் உரிமை போன்றவை அந்த இயல்புகளில் முக்கியமானவை. ஒழுங்கான, வெளிச்சமான, காற்றோட்டமான வகுப்பறை என்பதை எந்தப் புதுமைக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏரிப் பாடம் இங்கே தடுமாறுவது செயல்கூடத்தில்தான். அது பள்ளி முழுவதற்கும் பொது. எனவே முன்பதிவு வேண்டும். இருபது பிரிவுகள் இருக்கும் பள்ளியில், ஒரு பிரிவுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை கிடைத்தாலே அதிகம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் அங்கே நடந்துபோக ஐந்து நிமிடம், பொருட்களை எடுத்து வைக்கப் பத்து நிமிடம், அடுத்த வகுப்பு வருமுன் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போனால் வேலைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். களிமண்ணால் செய்த ஏரி மாதிரி உலரவில்லை. அடுத்த வகுப்புக்கு மேசை வேண்டும். யாரோ அதைத் தூக்கி ஜன்னல் ஓரம் வைக்கிறார்கள், ஒரு கரை உடைகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் ஆசிரியர் அட்டையில் படம் வரையச் சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செயல்கூடத்தில் விலையுயர்ந்த கருவிகளை நிறைப்பதால் இந்தச் சிக்கல் தீராது. தூரமும் முன்பதிவும்தான் சிக்கல். இணைந்து கற்பது என்பது தினமும் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நடக்க வேண்டிய காரியம். வாரம் ஒரு முறை மட்டும் போய்வரும் இடத்தில் அது வேர் பிடிப்பதில்லை.

திறந்த கூடம்

சுவர்களை எடுத்துவிட்டால் எல்லாம் கலந்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஏராளமான பள்ளிகள் இப்படிக் கட்டப்பட்டன. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் 1958-இல் தொடங்கிய கல்விக் கட்டட ஆய்வு நிறுவனம் ஒன்று இதை ஊக்கப்படுத்தியது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். வரிசையில் உட்கார வைத்து வாய்மூடச் சொல்லும் பள்ளிக்கு மாற்று தேடியவர்கள் அவர்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே பல பள்ளிகளில் அலமாரிகளும் கரும்பலகைகளும் தடுப்புகளாக நிறுத்தப்பட்டன. பிறகு மெல்லிய சுவர்கள் எழுந்தன. ஆசிரியர்களுக்கு அந்த முறையில் போதிய பயிற்சி இல்லை, ஓசையைத் தாங்க முடியவில்லை, ஆழமான கட்டடத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எந்திரங்களால்தான் வர வேண்டியிருந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது அந்த எந்திரங்களை இயக்கும் செலவும் ஏறியது.

அதன் பிறகும் அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. நியூசிலாந்து பல ஆண்டுகள் பெரிய திறந்த வகுப்பறைகளை ஊக்கப்படுத்திவிட்டு, இனி அவற்றைக் கட்டப்போவதில்லை என்று 2025-இல் அறிவித்தது. இன்னொரு பக்கம், கோபன்ஹேகனில் 2007-இல் திறக்கப்பட்ட ஓரெஸ்டாட் பள்ளி இன்றும் பேசப்படுகிறது. நடுவில் சுழன்றேறும் அகலமான படிக்கட்டு, ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வைத்தாற்போன்ற நான்கு பெரிய தளங்கள், பெரும்பகுதி திறந்த வெளி. அங்கே படிப்பவர்கள் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் என்பதை மறந்துவிட்டு அந்தப் படங்களை மட்டும் காட்டி முடிவெடுக்கக் கூடாது. தன் வேலையைத் தானே திட்டமிடத் தெரிந்த மாணவருக்குப் பொருந்துவது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஓசையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் இதுதான் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. யாரும் பேசாதபோது வகுப்பறையில் இருக்கும் பின்னணி ஓசை 35 டெசிபெலைத் தாண்டக் கூடாது, எதிரொலி அடங்கும் நேரம் 0.6 விநாடி அளவில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த வழிகாட்டல். அமெரிக்க வகுப்பறை ஒலித் தரமும் சாதாரண அளவுள்ள அறைகளுக்கு இதையே சொல்கிறது. ஆசிரியரின் குரல் பின்னணி ஓசையைவிட 15 டெசிபெலாவது உயர்ந்து கேட்டால்தான் பிள்ளைகளுக்குச் சொற்கள் தெளிவாகப் பிரியும். பெரியவர்கள் பாதி கேட்ட வாக்கியத்தையும் ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்வளம் இன்னும் வளராத பிள்ளைகளால் அது முடியாது. காது சற்று மந்தமான பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, ஓசைக்குச் சட்டென்று கலங்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஆகியோர்தான் திறந்த கூடத்தில் முதலில் விடுபட்டுப் போகிறார்கள். எல்லோரையும் சேர்ப்பதற்காகக் கட்டிய இடம் இவர்களை விலக்கிவிடுகிறது என்றால், மற்ற எல்லா நன்மைகளையும் தட்டில் வைத்தாலும் எனக்கு அது நிறைவதில்லை.

ஏரிப் பாடத்தின் பேட்டி எழுதும் நாளையும் மாதிரி செய்யும் நாளையும் ஒரே கூடத்தில் நினைத்துப் பாருங்கள். சுத்தியல் தட்டும் ஓசையில் எழுத்து வேலை நின்றுவிடும். அல்லது எழுதும் பிரிவுக்காக மற்ற இரண்டு பிரிவும் கிசுகிசுக்க வேண்டியிருக்கும். திறந்த கூடத்தில் ஆசிரியர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் எழுதப்படாத ஒப்பந்தம் பெரும்பாலும் இதுதான்: எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரியான, ஓசையற்ற வேலையைச் செய்வோம். சுவர் இல்லாததாலேயே கலகலப்பான வேலை குறைந்துபோகிறது.

மடிப்புச் சுவர்

இரண்டு அறைகளுக்கு நடுவே மடக்கித் தள்ளும் தடுப்பு வைத்தால் இரண்டு வகை நன்மையும் கிடைக்குமே என்று தோன்றும். இது குழுக் கூட்டங்களில் எல்லோரையும் சமாதானப்படுத்தும் யோசனை. இங்கிலாந்தில் டேவிட் மெட், மேரி மெட் என்ற கட்டடக் கலைஞர் இணையர் வடிவமைக்க, 1959-இல் திறக்கப்பட்ட ஃபின்மியர் கிராமப் பள்ளியில் மடிப்புத் தடுப்புகள் நன்றாகப் பயன்பட்டன. ஆனால் அது இரண்டு ஆசிரியர்களும் ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளும் கொண்ட பள்ளி. இருவரும் தினமும் கலந்து பேசியே வகுப்பு நடத்துவார்கள்.

பெரிய பள்ளியில் நடப்பது வேறு. தடுப்பின் ஒருபுறம் கணக்கு ஆசிரியர், மறுபுறம் மொழி ஆசிரியர். இருவர் பாடவேளைகளும் பொருந்தும் நாளில்தான் அதைத் திறக்க முடியும். திறப்பதற்கு முன் அதன் இருபுறமும் உள்ள மேசைகளை நகர்த்த வேண்டும். பலகைகள் கனமானவை. அடிப்பகுதி ரப்பர் தரையில் உரசும், சாவி அலுவலகத்தில் இருக்கும். ஒரு முறை திறந்து மூட ஆகும் நேரம் பாடவேளை மாற்றத்துக்குக் கொடுத்திருக்கும் நேரத்தைவிட அதிகமானால், அது எப்போதும் மூடியே இருக்கும். மூடியிருக்கும் மடிப்புச் சுவர் ஓசையைச் சரியாகத் தடுப்பதும் இல்லை. ஆய்வகத்தில் அளந்த திறனைவிட கட்டடத்தில் பொருத்திய பிறகு 5 முதல் 10 டெசிபெல் குறைவது சாதாரணம். இடுக்குகள், மேலே உள்ள பொய்க்கூரை, ஆண்டுக்கணக்கில் தேயும் ரப்பர் ஆகியவைதான் காரணம். சொல்லப்போனால் மோசமான சுவருக்குக் கூடுதல் பணம் கொடுத்தாற்போல ஆகிவிடும். அதில் மாணவர் படைப்புகளைக் குத்தி வைக்கவும் முடியாது.

ஓரிடத்தில் மட்டும் இதற்கு இடம் உண்டு. பொதுக்கூடத்துக்கும் அதை ஒட்டிய ஓர் அறைக்கும் நடுவே ஒரே ஒரு நல்ல தடுப்பு. தொண்ணூறு பேர் கூடும் நாளில் இரண்டும் ஒன்றாகும். பள்ளி முழுக்கப் பத்துத் தடுப்பு வாங்கும் பணத்தில் தரமான இரண்டை வாங்கிப் பராமரிப்பது மேல்.

கொத்து அமைப்பு

இதன் விதை பழையது. சிகாகோவுக்கு அருகிலுள்ள வின்னெட்காவில் எலியல் சாரினன், ஏரோ சாரினன் இருவரும் பெர்கின்ஸ், வீலர், வில் குழுவுடன் சேர்ந்து 1940-இல் கட்டிய க்ரோ ஐலண்ட் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறையும் 'ட' வடிவில் மடங்கியிருக்கும். பெரிய பகுதி பாடத்துக்கு. மடங்கிய சிறிய பகுதியில் தொட்டியும் வேலை மேசையும், பக்கத்தில் கழிவறை, வெளியே செல்ல ஒரு கதவு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960-களில் கட்டிய மாண்டிசோரிப் பள்ளியில் இன்னும் ஒரு படி முன்னேற்றம். வகுப்பறையும் அதே மடங்கிய வடிவில் இருக்கிறது, அறைகளுக்கு நடுவே உள்ள கூடமும் ஒரு தெருவைப் போலப் பிள்ளைகள் வேலை செய்யும் இடமாக இருக்கிறது. இந்த இரண்டு பள்ளிகளைக் கட்டியவர்களும் சுவரை ஒழிக்கவில்லை. சுவரை மடக்கினார்கள், திறப்பை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள்.

இதற்குக் கூடுதல் பரப்பு வேண்டுமே, செலவு ஏறுமே என்ற கேள்வி உடனே வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடைவழிக்கு இருபுறமும் மூன்று மூன்றாக ஆறு வகுப்பறைகள். ஒவ்வொன்றும் 8 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் ஆழம், அதாவது 60 சதுர மீட்டர். நடைவழி 2.5 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம். அந்த 60 சதுர மீட்டர் நடைவழி நாளில் பெரும்பகுதி வெறுமனே கிடக்கிறது. இப்போது ஒவ்வொரு அறையின் ஆழத்தையும் ஒரு மீட்டர் குறையுங்கள். அறை 52 சதுர மீட்டர் ஆகும், முப்பது பிள்ளைகளுக்கு அது போதும். நடைவழி 4.5 மீட்டர் அகலமாகிறது, மொத்தம் 108 சதுர மீட்டர். கட்டடத்தின் அகலம் அதே 17.5 மீட்டர்தான். அஸ்திவாரமும் கூரையும் மாறவில்லை. சுவர் ஒரு மீட்டர் உள்ளே நகர்ந்ததில், இரண்டு வகுப்பறை அளவுக்கு ஓர் இடம் ஆறு பிரிவுகளுக்கும் அவர்கள் வாசலிலேயே கிடைத்துவிட்டது. இதற்கு முன்பதிவு வேண்டாம், நடந்துபோகும் நேரம் இல்லை. ஏரி மாதிரி கதவுக்கு வெளியே மூன்று வாரமும் இருக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. நடுக்கூடம் இருபுறமும் அறைகளால் அடைபட்டிருப்பதால் பகலிலும் இருட்டாக இருக்கும். ஒற்றை மாடியானால் கூரையை உயர்த்தி மேலே ஜன்னல் வைக்கலாம். மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு அந்த வழி இல்லை. அங்கே ஆறு அறையில் ஒன்றை விட்டுவிட்டு, அந்த இடத்தை வெளிச்சுவர் வரை பொதுக்கூடமாகவே திறந்துவிட வேண்டும் என்பேன். ஓர் அறை போகிறது, உண்மைதான். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் முழுக்க ஜன்னலும், வெளியே மரத்தடிக்குப் போகக் கதவும் கிடைக்கும். இருட்டான நடுக்கூடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மெல்ல மெல்ல அது உடைந்த நாற்காலிகள் சேரும் இடமாகும்.

தீயணைப்பு விதியையும் முதல் வரைபடத்திலேயே பார்க்க வேண்டும். நடைவழி தப்பிக்கும் பாதையாகக் கணக்கிடப்பட்டிருந்தால், அங்கே மேசையும் காகிதமும் மரப்பலகையும் வைக்க அனுமதி கிடைக்காது. ஒவ்வொரு அறைக்கும் நேராக வெளியே போகும் இரண்டாவது வழி இருந்தால் கூடத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கூடத்தின் ஒரு ஓரத்தில் எப்போதும் காலியாக விடும் பாதையைத் தரையிலேயே வேறு நிறத்தில் பதித்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னால், பள்ளியிடம் அகலமான நடைவழி ஒன்றுதான் மிஞ்சும்.

பிறகு ஓசை. 108 சதுர மீட்டர் கூடம், 3.2 மீட்டர் உயரம் என்றால் கனஅளவு சுமார் 346 கனமீட்டர். எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க, 93 சதுர மீட்டர் அளவுக்கு முழுமையாக ஓசையை உறிஞ்சும் பரப்பு தேவை என்று, எதிரொலி நேரத்தைக் கணக்கிட உதவும் சபைன் சூத்திரம் சொல்கிறது. அதாவது கூரையின் அடிப்பகுதி ஏறக்குறைய முழுவதும் தரமான ஒலி உறிஞ்சும் பலகையாக இருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் கூரையும் பளபளக்கும் ஓடு தரையும் கொண்ட கூடத்தில் நான்கு குழு பேசினாலே சந்தை இரைச்சல்தான். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தப் பலகைதான். கடைசி வரை காப்பாற்ற வேண்டியதும் இதையேதான்.

கதவும் அப்படித்தான். பூசிய செங்கல் சுவர் 50 டெசிபெல் வரை தடுக்கும். எட்டு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அந்தச் சுவரில் ஒரு கதவு, அதன் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடுக்கு. அந்த இடுக்கு ஒன்றே மொத்தச் சுவரின் தடுப்பை ஏறத்தாழ 34 டெசிபெலுக்கு இறக்கிவிடும். கதவுப் பலகை மெல்லியதானால் இன்னும் கீழே போகும். கனமான கதவு, நான்கு ஓரமும் ரப்பர், அடியில் தானாக இறங்கும் பட்டை ஆகியவை சேர்ந்தால்தான், வெளியே ஒரு குழு சுத்தியலால் தட்டும்போது உள்ளே ஒரு பிரிவு அமைதியாகக் கதை வாசிக்க முடியும். சுவரும் கதவும் ஒழுங்காக இருந்தால்தான் வெளியே சத்தம் போட்டு வேலை செய்யப் பிள்ளைகளுக்கு உரிமை கிடைக்கிறது. திறந்த கூடத்தைக் கேட்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கண்ணாடி வேண்டும், ஆனால் அளவோடு. உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியருக்கு வெளியே வேலை செய்யும் குழு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் யாரையும் வெளியே அனுப்ப மாட்டார். கதவும் அதை ஒட்டி ஒரு மீட்டர் அகலமும் கண்ணாடியாக இருந்தால் இதற்குப் போதும். முழுச் சுவரும் கண்ணாடி என்றால் உள்ளே இருப்பவர்களின் கவனம் சிதறும். வரைபடங்களையும் கட்டுரைகளையும் குத்தி வைக்கச் சுவரே இருக்காது. அந்தச் சுவர் ஒரு கற்பிக்கும் கருவி. நேற்று அறிவியல் குழு வரைந்த அளவீடு இன்று கணக்குக் குழுவின் கண்ணில் படுவது அதில்தான்.

தொட்டி, மின்னிணைப்பு, சக்கர மேசைகள் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி கூடத்திலேயே இருக்கட்டும், வழுக்காத தரையோடு. மேசைகள் எல்லாவற்றுக்கும் சக்கரம் வேண்டாம், பாதிக்குப் போதும். மரவேலை மேசை ஆடக் கூடாது.

அலமாரிக்கு மட்டும் தனியாக இடம் கேட்டு வாங்குங்கள். ஒரு குழுவின் மாதிரி சுமார் 60 சென்டிமீட்டர் சதுரம். ஒரு பிரிவில் ஏழு அல்லது எட்டுக் குழு. மூன்று பிரிவுக்கும் சேர்த்து இருபத்துநான்கு மாதிரி. நான்கு அடுக்கு கொண்ட திறந்த அலமாரி நாலு மீட்டர் நீளத்துக்கு இருந்தால் அவ்வளவும் அடங்கிவிடும். இந்த நாலு மீட்டர் பெரும்பாலான வரைபடங்களில் இல்லை. அது இல்லாத பள்ளியில் ஒரே நாளில் முடியும் வேலை மட்டுமே நடக்கும்.

ஆசிரியர்கள் எங்கே உட்காருகிறார்கள்?

பாடங்களை இணைப்பவர்கள் ஆசிரியர்கள். அறிவியல் ஆசிரியர் எடுக்கப்போகும் அளவீடு எப்படிப்பட்டது என்று கணக்கு ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர் அந்த வாரம் வரைபடம் நடத்துவார். இந்தப் பேச்சு மாதக் கூட்டத்தில் நடப்பதில்லை. இடைவேளையில், போகிறபோக்கில் நடக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆலன் 1970-களில் ஆய்வுக்கூடப் பொறியாளர்களைக் கவனித்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். இருவர் மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய நின்றேபோகிறது.

பல பள்ளிகளில் ஆசிரியர் அறைகள் பாடவாரியாக இருக்கும். கணக்குக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, அறிவியலுக்கு ஆய்வகத்தின் பின்னால் ஒன்று. இந்த ஒழுங்கு மாறாமல் எத்தனை பொதுக்கூடம் கட்டினாலும் பாடங்கள் பிரிந்தேதான் இருக்கும். ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஐந்தாறு ஆசிரியர்கள், எந்தப் பாடமானாலும், அந்தக் கொத்துக்குள்ளேயே ஓர் அறையில் உட்கார வேண்டும். பதினைந்து சதுர மீட்டர் போதும். கூடத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல், சுவரில் அந்தப் பருவத்தின் திட்டம் எழுதிய பெரிய பலகை. கலிபோர்னியாவில் 2000-இல் தொடங்கிய ஹை டெக் ஹை பள்ளிகளில், மாணவர்கள் வருவதற்கு முன்பே ஆசிரியர்கள் கூடித் திட்டமிட நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அறையும் நேரமும் சேர்ந்து வர வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

அதனால்தான் வரைபடத்துக்கு முன் கால அட்டவணையைக் கேளுங்கள் என்று சொல்கிறேன். ஒரு கொத்தில் உள்ள ஒரே வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரே நேரத்தில் இரட்டைப் பாடவேளை வருமா? அந்த ஆசிரியர்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது பொதுவான ஓய்வு வேளை கிடைக்குமா? இரண்டுக்கும் 'முடியாது' என்று பதில் வந்தால் நான் கொத்து அமைப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பள்ளி முதல் அமைப்பையே நல்ல வெளிச்சத்தோடும் காற்றோடும் கட்டிக்கொள்ளட்டும், நடைவழியை மட்டும் அகலமாக வைத்து, உள்சுவர்களில் எதுவும் பாரம் தாங்காதபடி தூண்கள் மேல் கட்டட்டும். பத்தாண்டு கழித்துப் பள்ளி மாறும்போது சுவர் நகர வழி இருக்கும்.

மேல்நிலை வகுப்புகளில் என் விடை சற்று மாறும். வேதியியல், இயற்பியல் ஆய்வகங்களை ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனியாகக் கட்ட யாராலும் முடியாது, கட்டவும் தேவையில்லை. வாயு இணைப்பும் புகை வெளியேற்றியும் வேண்டிய ஆய்வகங்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும். பட்டறையையும் கணினி அறையையும் அவற்றுக்கு எதிரே, நடுவில் ஒரு வேலைக்கூடத்தோடு வையுங்கள். ஆய்வகம் அறிவியல் பிரிவின் கோட்டையாகவும் கலை அறை மாடியின் கோடியிலும் இருக்கும் வழக்கத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏரியின் நீர் மாதிரியைச் சோதித்தவர்களும் அதைப் பற்றிச் சுவரொட்டி வரைபவர்களும் எதிரெதிர் அறைகளில் இருப்பார்கள்.

புதுக் கட்டடத்துக்கு வழியில்லாத பள்ளிகளும் இதைத் தொடங்கலாம். ஒரே வகுப்பின் மூன்று பிரிவுகளை அடுத்தடுத்த அறைகளுக்கு மாற்றுங்கள். நான்காவதாக ஓர் அறையைக் காலி செய்து, அதன் நடைவழிச் சுவரில் இரண்டு மீட்டருக்குத் திறப்பு வையுங்கள். அதற்கு முன் அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, மூலையில் ஒரு தொட்டி, ஒரு சுவர் நீளத்துக்கு அலமாரி, பக்கத்துச் சிறிய அறையில் அந்த மூன்று பிரிவுகளின் ஆசிரியர் மேசைகள். ஓராண்டு இப்படி நடத்திப் பார்த்தால், கூடம் எந்த நேரங்களில் நிறைகிறது, எப்போது காலியாகக் கிடக்கிறது, எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கான கூட்டத்தைக் கூட்டலாம்.